இருபது முகப் பெட்டி

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
6 ஜூலை 2025

இர்பானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதம் ஏன் அட்டையில் வருகிறது என்று யோசிப்பீர்கள். கடை முழுக்கத் தேடியும் ஒரு வெள்ளைத்தாள் கிடைக்கவில்லை. ஸ்வீட் பெட்டி அட்டையின் பின்பக்கம் எழுத வழவழப்பாக நன்றாகவே இருக்கிறது.

நிக்காஹ் வரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் போனில் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நிச்சயம் முடிந்து வீட்டுக்கு வந்ததுமே என் அக்கா அஜீஸா என் போனை வாங்கி, உங்கள் நம்பரை அழித்துவிட்டுத்தான் டீ குடித்தாள். நிக்காஹ் நவம்பரில். அதுவரை என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் புரிந்தது, கடிதத்தைப் பற்றி யாருமே ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கிறது. உங்கள் ஹாஸ்டல் முகவரி பயோடேட்டாவில் இருந்தது.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும். ஸ்வீட் கடைக்கும் பேக்கரிக்கும் கொலுசுப் பட்டறைக்கும் அட்டைப் பெட்டி செய்து கொடுக்கிறோம். அட்டையை வெட்டி, மடிப்புக் கோடு விழவைத்துக் கொடுப்பது என் வேலை. மடித்து ஒட்டுவது அக்காவும் இன்னும் சிலரும். உங்கள் வேலைதான் எங்களுக்குத் தெரியவில்லை. நிச்சயத்தன்று நீங்கள் பேசியது மொத்தம் ஒரே சொல். "தண்ணி." அதுவும் அக்காவிடம். அம்மா வருகிறவர்களிடமெல்லாம், மருமகள் நாமக்கல்லில் கோழி டாக்டர் என்கிறார். நேற்று ஒருவர் தன் சேவலுக்குக் கால் வீங்கியிருக்கிறது, மருந்து கேட்டுச் சொல் என்று வந்துவிட்டார்.

உண்மையில் அங்கே என்னதான் செய்கிறீர்கள்? பெட்டி செய்கிறவனுக்குப் புரிகிற மாதிரி எழுதவும்.

பதிலை எதிர்பார்க்கும்,
ஆஷிக்


நாமக்கல்
13 ஜூலை 2025

வஅலைக்கும் ஸலாம்.

பெயர் போட்டு எழுதக் கை வரவில்லை. தவறாக நினைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தோடு வார்டன் முத்தாயம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். "ஏனுங்க சாமி, இந்தக் காலத்துல யாருங்க தபால்ல எழுதறாங்க? கோர்ட்டு நோட்டீசுன்னு பயந்தே போனேன்" என்றார். நான் சிரித்ததோடு சரி. எனக்குப் பேச்சு வர நேரம் ஆகும். அதற்குள் எதிரில் இருப்பவர் வேறு விஷயத்துக்குப் போய்விடுவார். கடிதத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. அதனால் நீங்கள் எழுதியதில் எனக்குச் சந்தோஷம். இதையும் எழுத முடிகிறதே என்று ஆச்சரியமாக இருக்கிறது.

நான் கோழி டாக்டர் இல்லை. சேவல்காரரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனது நான்தான் முதல். ஆத்தூரில் அத்தாவின் துணிக்கடையில் யாராவது கேட்டால் "லேப்ல இருக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த பீஸை விரித்துப் போடுவார். தன் மகள் என்ன செய்கிறாள் என்று அவருக்கும் புரிகிற மாதிரி நான் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

கோழிக்குஞ்சுகளுக்குக் கும்போரோ என்று ஒரு நோய் வரும். கொட்டகை கொட்டகையாகச் சாய்த்துவிடும். அதை உண்டாக்குவது ஒரு வைரஸ். வைரஸ் என்பது ஒரு பெட்டிதான். உள்ளே அடுத்த வைரஸைச் செய்வதற்கான குறிப்பு இருக்கிறது, வெளியே புரதத்தால் ஆன கூடு. அந்தப் பெட்டியை யாரும் மடிப்பதில்லை, ஒட்டுவதில்லை. கோழியின் செல்லுக்குள் அந்தப் புரதம் முதலில் ஒரே நீளச் சங்கிலியாகத்தான் உருவாகிறது. சங்கிலியின் ஒரு பகுதியே கத்தரியாக மாறி மற்றதைத் துண்டு துண்டாக வெட்டும். அந்தத் துண்டுகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து முக்கோணமாகும். முக்கோணங்கள் ஒன்றை ஒன்று தேடிச் சேர்ந்து உருண்டையாகும். மேஸ்திரி கிடையாது. நான் செய்வது, அந்தக் கூட்டை மட்டும் ஈஸ்ட்டில் உருவாக்கிப் பார்ப்பது. உள்ளே குறிப்பில்லாத வெறும் கூடு. அதனால் நோய் வராது. ஆனால் கோழியின் உடம்பு அதைப் பார்த்து, நிஜமான வைரஸை அடையாளம் வைத்துக்கொள்ளும். தடுப்பூசி என்பது அதுதான்.

இன்னொரு விஷயம். அத்தா இதை உங்கள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சம்பந்தம் கெட்டுவிடும் என்றார். ஹைதராபாத்தில் ஐந்து வருட ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போய் வந்திருக்கிறேன். ஆகஸ்டில் முடிவு தெரியும். கிடைத்தால் போக ஆசை. இதை மறைத்து நிக்காஹுக்கு உட்கார என்னால் முடியாது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

எழுதிவிட்டேன். மறுபடி படித்தால் கிழித்துவிடுவேன் என்று உடனே ஒட்டுகிறேன்.

இர்பானா


செவ்வாய்ப்பேட்டை
21 ஜூலை 2025

இர்பானாவுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வாய்விட்டுப் படித்தேன், கோழிப் பகுதியை மட்டும். மடிக்க ஆள் வேண்டாம், ஒட்ட ஆள் வேண்டாம் என்று கேட்டதும் அக்கா கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப நாங்கள்லாம் வீட்டுக்குப் போகட்டுமா? உன் பொண்டாட்டி வந்து மந்திரம் போட்டுப் பொட்டி பண்ணிக் குடுப்பா" என்கிறாள். கோபமில்லை, பொறாமை.

எனக்கு ஒரே சந்தேகம். இருட்டில், யாரும் சொல்லாமல், எந்தத் துண்டு எங்கே சேர வேண்டும் என்று அவற்றுக்கு எப்படித் தெரிகிறது? தப்பாக ஒட்டிக்கொண்டால் யார் பிரிப்பது? எங்கள் பசை ஒட்டினால் ஒட்டியதுதான். பிரித்தால் அட்டை கிழியும்.

முக்கோணம் என்று நீங்கள் எழுதியது மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஃபேர்லேண்ட்ஸ் பேக்கரி ஆர்டரை அப்படியே போட்டுவிட்டு இருபது முக்கோணம் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். உருண்டை வரவில்லை. அப்பளம் மாதிரி படுத்துக்கொண்டது. நம் வலீமா விருந்தில் லட்டு வைத்துக் கொடுக்க இந்தப் பெட்டிதான் என்று முடிவு செய்துவிட்டேன். சேலத்தில் யார் வீட்டுக் கல்யாணத்திலும் இப்படி ஒன்று வந்திருக்காது. எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

ஆஷிக்


நாமக்கல்
1 ஆகஸ்ட் 2025

ஆஷிக் அவர்களுக்கு, ஸலாம்.

பெயர் எழுதிவிட்டேன். பார்த்தீர்களா.

உங்கள் தப்பு எனக்கு உடனே தெரிந்தது. ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு முக்கோணம் ஒட்டியிருப்பீர்கள். ஆறு சேர்ந்தால் தட்டையாகத்தான் படுக்கும். ஐந்து மட்டும் ஒட்டி, இடைவெளியை இழுத்து மூடுங்கள், குவிந்து வரும். அப்படிப் பன்னிரண்டு மூலை வந்தால் தானாகவே மூடிக்கொள்ளும்.

எப்படித் தெரிகிறது என்று கேட்டீர்கள். எதுவும் தெரிந்து செய்வதில்லை. எல்லாம் நீரில் மோதிக்கொண்டே இருக்கின்றன. தண்ணீர் பிடிக்காத பக்கங்கள் ஒன்றோடொன்று ஒளிந்துகொள்ளப் பார்க்கும். மேடு பள்ளத்தில் பொருந்தினால் நிற்கும், பொருந்தாவிட்டால் கழன்றுவிடும். ஒவ்வொரு பிடிப்பும் தனியாகப் பார்த்தால் பலவீனமானது. அது குறை இல்லை. பலவீனமாக இருப்பதால்தான் தப்பாகச் சேர்ந்தது பிரிந்து மறுபடி சரியாகச் சேர முடிகிறது. எல்லாம் சேர்ந்த பிறகு அசைக்க முடியாது. உங்கள் பசைக்குத்தான் பொறுமை இல்லை.

இப்போது என் செய்தி. என் கூடுகள் வந்துவிட்டன. மாதிரியை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்பியிருந்தோம். படம் செவ்வாய்க்கிழமை வந்தது. சாம்பல் நிறத்தில் நிறைய வட்டங்கள், கொட்டி வைத்த ஜவ்வரிசி மாதிரி. யாழினி மேடம்தான் என் ஆய்வுக்குப் பொறுப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றினார். "ஏன் பேசாம நிக்கற? உன்னோடதுதான்" என்றார். எல்லாருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். நான் அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அவற்றை யாரும் பார்த்ததில்லை என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. தனியாகச் சிரித்தேன்.

அன்று பண்ணைக்காரர் கைலாசம் வந்திருந்தார். போன கோடையில் கும்போரோவில் ஒரு கொட்டகைக் குஞ்சு முழுவதையும் இழந்தவர். படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த உருண்டையாங்க எங்கூட்டுக் குஞ்செல்லாம் வாரிட்டுப் போனது?" என்றார். இது அதில்லை, வெறும் கூடு என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன், சத்தமாகவே. "அப்ப ஊடு இருக்குது, உள்ள ஆளில்லைங்க" என்று தலையாட்டிக்கொண்டார். இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதினீர்கள். ஒன்றை மட்டும் "மற்றது" என்று தள்ளிவிட்டீர்கள்.

இர்பானா


செவ்வாய்ப்பேட்டை
11 ஆகஸ்ட் 2025

இர்பானாவுக்கு, ஸலாம்.

படத்தின் பிரதி ஒன்று அனுப்பியிருக்கலாம். அம்மாவிடம் காட்டியிருப்பேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் தெருவில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். கூடு வந்திருக்கிறது என்றேன். நான் புறா வளர்க்கப்போவதாகத் தெரு முழுக்கப் பேச்சு.

ஐந்துதான் சரி. பெட்டி உருண்டு நின்றுவிட்டது. கையில் வைத்தால் இறக்கி வைக்க மனம் வரவில்லை. ஆனால் அக்கா ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிடா, லட்டை எது வழியா வைப்ப?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. எல்லாப் பக்கமும் ஒட்டி மூடிவிட்டேன். லட்டை வைத்துவிட்டு ஒட்டினால் பசை வாடை ஏறும். ஒட்டிவிட்டு வைக்க வழியில்லை. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள். "எங்க தம்பி செஞ்சது. உள்ளயும் போவாது, வெளியயும் வராது."

வைரஸ் என்ன செய்கிறது? கூடு முந்தியா, சரக்கு முந்தியா?

நீங்கள் கேட்டதை நான் மறக்கவில்லை. நல்ல நேரம் பார்க்கிறேன்.

ஆஷிக்


நாமக்கல்
22 ஆகஸ்ட் 2025

ஆஷிக்குக்கு, ஸலாம்.

உங்கள் அக்காவை எனக்குப் பிடித்திருக்கிறது. சொல்லிவிடுங்கள்.

இரண்டு வழியும் உண்டு. சில வைரஸ்களில் குறிப்பைச் சுற்றியே புரதங்கள் வந்து அடைந்துகொண்டு கூடாகும். செல்லுக்குள் ஆயிரம் சரக்கு மிதந்தாலும், தன் குறிப்பில் இருக்கும் அடையாளத்தைப் பிடித்து அதையே உள்ளே வைக்கும். சில வைரஸ்கள் உங்களைப் போல முதலில் கூட்டைக் கட்டிவிடும். கோழிக்கு வரும் மேரெக் நோய் வைரஸ் அந்த வகை. அவற்றில் பன்னிரண்டு மூலையில் பதினொன்றுதான் ஒரே மாதிரி. ஒரு மூலையில் வேறு புரதம் உட்கார்ந்து வாசலாகிவிடும். அந்த வாசலில் ஒரு மோட்டார் வந்து பொருந்தி, நூல் போன்ற குறிப்பைத் தள்ளித் தள்ளி உள்ளே அடைக்கும். சுருக்குப் பையில் புடவையைத் திணிப்பது போலத்தான், ஆனால் சிக்காமல். அடைத்து முடிந்ததும் மோட்டார் கழன்று போய்விடும், வாசலை வேறு புரதம் அடைக்கும். நீங்களும் ஒரு மூலையை ஒட்டாமல் விடுங்கள். லட்டை அந்த வழியாக வைத்து, மடிப்பைச் செருகி மூடலாம்.

ஹைதராபாத்தில் கிடைத்துவிட்டது. முந்தாநாள் தகவல் வந்தது. நேர்காணலில் ஐந்து பேர் இருந்தார்கள். முதல் கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னேன். பிறகு எதிரே இருப்பவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, அதை வாய்விட்டுப் படிப்பது போலப் பேசினேன். நிறுத்தச் சொல்லும்வரை பேசினேனாம்.

செப்டம்பர் ஐந்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் புரிந்துகொள்வேன் என்று எழுதப் போனேன். அது பொய். புரிந்துகொள்வேனா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஒரு பதிலை மட்டும் பெட்டி பற்றிய பேச்சு கலக்காமல் எழுதுங்கள்.

இர்பானா


நாமக்கல்
2 செப்டம்பர் 2025

ஆஷிக் அவர்களுக்கு, ஸலாம்.

உங்கள் பார்சல் இன்று வந்தது. இருபது முகப் பெட்டி. அழகாக இருக்கிறது, பொன்னிற அட்டை, கோணல் இல்லாத மடிப்பு. எல்லா மூலையும் ஒட்டியிருந்ததால் கத்தரி வைத்துத்தான் திறந்தேன்.

உள்ளே ஒன்றும் இல்லை. மடிப்புக்குள்ளும் பார்த்தேன்.

வெறும் கூடு என்றால் என்ன என்று நானே உங்களுக்கு எழுதியிருந்தேன். அதையே பதிலாக அனுப்பிவிட்டீர்கள். பெட்டிப் பேச்சு கலக்காமல் எழுதச் சொன்னேன், நீங்கள் பெட்டியை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். புரிந்தது. நம் வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதை உங்களுக்கே விடுகிறேன்.

மதியம் ஹைதராபாத்துக்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன். யாரையும் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இதுதான். பிறகு கொஞ்சம் அழுதேன். முத்தாயம்மாள் என்ன ஏது என்று கேட்கவில்லை. "சோறு ஆறிப்போகுது சாமி, வா" என்றார்.

சேலத்திலிருந்து வந்த கடிதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இர்பானா


நாமக்கல், உங்கள் ஹாஸ்டல் வாசல்
4 செப்டம்பர் 2025

இர்பானா,

முத்தாயம்மாள் உள்ளே விட மாட்டேன் என்கிறார். நிக்காஹுக்கு முன்னால் போனில் பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம் என்றால், ஆண்களை உள்ளே விடக் கூடாது என்பது அவர் வழக்கமாம். வாசல் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் பண்ணலாம் என்றால் உங்கள் நம்பரை அக்காவைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது. அக்காவிடம் கேட்டேன். அழுதுகொண்டே தர மாட்டேன் என்றாள்.

அழுகைக்குக் காரணம் இது. நீங்கள் சொன்ன மாதிரி ஒரு மூலையை ஒட்டாமல் விட்டேன். கடிதத்தை அந்த வழியாக உள்ளே வைப்பதாக இருந்தேன். கொலுசுக்காரர் கூப்பிட்டார், வாசல் வரைக்கும் போனவன் அப்படியே அவர் பட்டறைக்கும் போய்விட்டேன். அதற்குள் அக்கா பெட்டியைப் பார்த்திருக்கிறாள். "ஒரு மூலை பிரிஞ்சு கெடந்துச்சு, இவன் மறந்துட்டான் போலன்னு ஒட்டி வெச்சேன்" என்கிறாள். இத்தனை வருஷம் மடித்து ஒட்டியவள், திறந்த மூலையைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? அத்தோடு விடாமல், கூரியர்காரர் வந்ததும் நான் முகவரி எழுதி வைத்திருந்த உறைக்குள் போட்டுக் கொடுத்தும்விட்டாள். நான் வந்து பெட்டி எங்கே என்றால், போயிடுச்சே என்கிறாள். கடிதத்தையும் உள்ளே வைத்துத்தான் ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகு தேடினோம். அட்டைக் கட்டுக்கு அடியில் கிடந்தது. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். தேதியைப் பாருங்கள்.

நான் பதில் சொல்லும் முன்னாலேயே நீங்கள் சரி சொல்லிவிட்டீர்கள். வருகிற வழியில் ராசிபுரம் வரைக்கும் அது கொஞ்சம் உறுத்தியது. அதற்கப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

ஆஷிக்

(இணைப்பு)

செவ்வாய்ப்பேட்டை
28 ஆகஸ்ட் 2025

இர்பானாவுக்கு, ஸலாம்.

பெட்டிப் பேச்சு இல்லை.

போங்கள். இது ஜூலையிலேயே எழுதியிருக்க வேண்டியது. அம்மாவிடம் கேட்காமல் சொன்னால் பின்னால் உங்களுக்குத்தான் கஷ்டம் என்று தள்ளிப்போட்டேன். உண்மையைச் சொன்னால், அம்மாவிடம் வாய் திறக்கப் பயம். பயந்தவன் நான், பேசாதவள் என்று பெயர் உங்களுக்கு.

நேற்று நேர்காணல் கதையோடு எல்லாம் சொல்லிவிட்டேன். அம்மா அஞ்சு வருஷமா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "அங்க அஞ்சு பேருக்கு முன்னால பேசுச்சா அந்தப் புள்ள?" என்றார். ஆமாம் என்றேன். "நிறுத்தச் சொல்ற வரைக்கும் பேசுச்சா?" ஆமாம். கொஞ்ச நேரம் கீரையையே ஆய்ந்துகொண்டிருந்தார். "அப்ப எங்கிட்ட மட்டும் ஏன் பேசல? நான் என்ன அவ்வளவு பொல்லாதவளா?" என்றார். வருத்தம் அதுதான். ஹைதராபாத் இல்லை.

நான் கடிதம் வந்துபோவதைச் சொல்லிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. "எனக்கும் ஒரு கடுதாசி போடச் சொல்லு. படிச்சுப் பாத்துட்டு அனுப்பறதா வேணாமான்னு சொல்றேன்" என்றார். அனுப்புவதாகத்தான் முடிவு, அது எனக்குத் தெரியும். ஆனால் கடுதாசி வேண்டும்.

ஹைதராபாத் ரயில் சேலம் வழியாகத்தான் போகிறது. அங்கேயும் ஸ்வீட் கடை இருக்கும், பெட்டி வேண்டியிருக்கும். நான் வந்து போவேன்.

ஆஷிக்


நாமக்கல்
6 செப்டம்பர் 2025

என் ஆஷிக்குக்கு, ஸலாம்.

வாசலில் நீங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது நான் மேலே மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். உங்கள் தலை மட்டும் தெரிந்தது. முத்தாயம்மாள் உங்களுக்கு மோர் கொடுத்ததையும், நீங்கள் சட்டையில் கொட்டிக்கொண்டதையும் பார்த்தேன். கூப்பிட நினைத்தேன். வழக்கம் போலக் குரல் வர நேரமாகிவிட்டது. நீங்கள் தெருமுனை திரும்பிய பிறகு வந்தது. கூப்பிட்டேன். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா அழ வேண்டாம். அவர் ஒட்டியதால்தான் என் சம்மதத்தை நானே சொன்னேன். இல்லாவிட்டால் உங்கள் பதிலைப் படித்துவிட்டு, நீங்கள் சொன்னதற்காகப் போனது போல ஆகியிருக்கும். கத்தரி வைத்த பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வெறும் கூட்டைப் பார்த்த உடம்புக்கு ஒரு பாதுகாப்பு வந்துவிடும் என்று எழுதியிருந்தேன் அல்லவா. எனக்கு வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். இனி காலிப் பெட்டி வந்தால் பயப்பட மாட்டேன், அக்காவைக் கேட்பேன்.

அத்தாவிடம் எல்லாம் சொன்னேன். "கடையில கேட்டா இனி என்னன்னு சொல்லட்டும்?" என்றார். வைரஸ் கூடு கட்டுவதைப் படிக்கிறாள் என்று சொல்லுங்கள் என்றேன். ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவர் குரலில் அது நன்றாகத்தான் இருந்தது. படிப்பு ஜனவரியில் தொடங்குகிறது. நவம்பர் நவம்பராகவே இருக்கட்டும்.

இத்துடன் மாமி கேட்ட கடுதாசி இருக்கிறது. உங்களுக்கு எழுதியதைவிட நீளம். நீங்கள் பிரிக்கக் கூடாது. நிச்சயத்தன்று அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் போனது எல்லாம் அதில் இருக்கிறது. அவர் கட்டியிருந்த பச்சைப் புடவை பற்றிக்கூட.

வலீமாவுக்கு அந்தப் பெட்டிதான். ஒன்று மட்டும். எல்லாப் பெட்டியிலும் அந்த ஒரு மூலையை ஒட்டக் கூடாது என்று அக்காவிடம் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள், வாசல் வரைக்கும்கூடப் போகாதீர்கள்.

உங்கள்,
இர்பானா